வளர்பருவப் பன்றித் தீவனத்தில் நொதிகள்: கேள்வி பதில்

கேள்வி: தவிடு, மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு கலந்து 30 கிலோ எடையுள்ள பன்றிகளுக்குக் கொடுக்கிறேன். ஃபைட்டேஸ் தேவையா?

பதில்: தவிடு மிகுந்த தீவனம் என்பதால் கட்டாயம் தேவை. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அரிசித் தவிட்டில் அது இன்னும் கூடுதல். அக்கட்டை அவிழ்க்கும் நொதியான ஃபைட்டேஸ் பன்றியின் குடலில் போதிய அளவு சுரக்காததால், பெரும்பகுதி சாணத்தோடு போய்விடுகிறது. கிலோ தீவனத்துக்கு 500 அலகு ஃபைட்டேஸ் சேர்த்தால், பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டை கால்சியம் பாஸ்பேட்டை (டி.சி.பி.) டன்னுக்குச் சுமார் 5 கிலோ குறைக்கலாம். கிராமுக்கு 5,000 அலகு கொண்ட தூள் டன்னுக்கு 100 கிராம் போதும். அதை முதலில் 2 கிலோ தவிட்டிலும், பிறகு 20 கிலோ தீவனத்திலும் கலந்து, அதன்பின்பே மொத்தத்தில் சேருங்கள். கொதிக்கும் கஞ்சியில் போடாதீர்கள். நொதி புரதம் என்பதால் வெந்தால் செயலிழந்துவிடும்.

கேள்வி: சைலனேஸும் சேர்க்கலாமா?

பதில்: அது தானிய நார்ப்பொருளைச் சிதைக்கும் நொதி. கோதுமையோ கோதுமைத் தவிடோ நிறைய இருந்தால் பயன் தெரியும், மக்காச்சோளமும் சோயாவும் மட்டுமே என்றால் பலன் குறைவு.

கேள்வி: ஓட்டல் கழிவை வேகவைக்கும்போது என்சைம் போடலாமா?

பதில்: ஆறிய பின்பு போடுங்கள். கழிவை வேகவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேகாத இறைச்சிக் கழிவின் வழியாகவும் வரும்.

கேள்வி: ஃபைட்டேஸ் போட்டும் வளர்ச்சியில்லை. எலும்பு உறுதிப்படட்டும் என்று சுண்ணாம்புத் தூளும் கூட்டினேன். சுண்ணாம்பு எப்படிக் கெடுதலாகும்?

பதில்: இந்த வாதத்தைப் பலரிடம் கேட்டுவிட்டேன், ஏற்க முடியவில்லை. மிகையான சுண்ணாம்பு இரைப்பையின் அமிலத்தைத் தணிப்பதோடு, கால்சியம் ஃபைட்டேட்டோடு இறுகிச் சேர்ந்து நொதி அதைப் பிடிக்க விடாமலும் செய்கிறது. கால்சியமும் மொத்தப் பாஸ்பரஸும் 1.25-க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பண்ணையில், தொடையிலும் வயிற்றிலும் தோல் தடித்து, பொருக்குத் தட்டிப் பழுப்பாய் வெடித்திருந்த பன்றிகளைக் கண்டேன். சொறி என்று கருதி ஊசி மேல் ஊசி போட்டிருந்தார்கள். தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சொறிப்பூச்சி எதுவும் அகப்படவில்லை. சுண்ணாம்பு மிகுதியால் துத்தநாகம் உட்கிரகிக்கப்படாமல் போனதே காரணம். சுண்ணாம்பைக் குறைத்து துத்தநாக சல்பேட் சேர்த்ததும் தோல் தேறியது.

கேள்வி: காய்ச்சிய கஞ்சியில் சூடாகவே கலக்கலாமா?

பதில்: கூடாது. இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: கழிச்சலுக்கு நொதி மருந்தாகுமா?

பதில்: ஆகாது. இன்றே சாண மாதிரியுடன் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.