பணி ஓய்வுக்குப் பிறகு பாடல் பெற்ற தலங்கள்: கேள்விகளும் பதில்களும்

நானும் என் கணவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் தமிழ், அவர் கணக்கு. இத்தனை வருடம் வகுப்பில் தேவாரம் நடத்தியும் அதில் பாடப்பட்ட சிவன் கோயில் ஊர்களில், அதாவது பாடல் பெற்ற தலங்களில், பத்தைக்கூடப் பார்த்ததில்லையே என்ற ஏக்கம் எனக்கு. அதனால் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே கிளம்பிவிட்டோம். ஆறு வருடத்தில் 243 தலங்கள் ஆகியிருக்கின்றன. இந்த யாத்திரை பற்றி எனக்கு வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

டீச்சர், எங்கிருந்து தொடங்குவது? இருவருக்கும் 61 வயது, கார் இல்லை.

கார் தேவையே இல்லை. சோழ நாட்டில் மட்டும் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127 என்று பழைய கணக்கில் 190 தலங்கள் இருக்கின்றன. மயிலாடுதுறையில் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்குங்கள், அடுத்த தடவை கும்பகோணம், அப்புறம் திருவாரூர். பெரும்பாலான ஊர்களுக்கு டவுன் பஸ் உண்டு, சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் அம்மாவுக்குக் கட்டணமும் இல்லை.

முக்கியமான விஷயம் சாவி. சின்ன ஊர்க் கோயில்களில் ஒரே குருக்கள் மூன்று நான்கு கோயில்களைப் பார்த்துக்கொள்வார், பூஜை முடிந்ததும் பூட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதனால் ஒரு கோயிலில் கும்பிட்டு முடித்ததும் அடுத்த கோயில் குருக்களின் போன் நம்பரை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்னிலம் பக்கம் ஓர் ஊரில் நாங்கள் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முழ நீளச் சாவியைக் கைப்பிடியில் துண்டால் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிப்டியில் குருக்கள் வந்தார். கதவைத் திறந்ததும் வௌவால் வாடை. அவர் திரியைத் தூண்டிவிட்டு, "இங்கே தேவாரம் பாட ஓதுவார் வந்து வருஷக்கணக்காச்சு, இந்த ஊர்ப் பதிகம் தெரிந்தால் பாடுங்கோ" என்றார். புத்தகத்தை நான் பிடித்துக்கொள்ள, கணக்கு வாத்தியார் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி பதினொரு பாட்டும் படித்தார். கடைசிப் பாட்டு வரும்வரை அந்தப் பெரியவர் தீபத்தட்டைக் கீழே வைக்கவில்லை.

ஒரு நாளைக்கு மூன்று தலம். அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாம் முடிக்க எத்தனை நாள் ஆகும்?

நாள் கணக்கு வேண்டாம் ஐயா. மாதம் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலங்கள் 274 தானே? சிலர் 276 என்கிறார்களே?

இதை விவரமாகவே சொல்கிறேன். பழைய கணக்கு 274. திருவிடைவாய்ப் பதிகம் 1917-இல் கல்வெட்டிலிருந்து கிடைத்தது, கிளியன்னவூர்ப் பதிகமும் பிறகு சேர்ந்தது. ஆக 276. இரண்டு கணக்குமே சரிதான், நாங்கள் 276 வைத்திருக்கிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிலையே விட்டுவிட்டு என்ன பட்டியல் அது?

அதை யாரும் விட்டுவிடவில்லை தம்பி. பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010-இல். தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர்கள், இல்லாத கோயிலை எப்படிப் பாடுவார்கள்? அந்தக் கோயிலுக்குக் கருவூர்த் தேவர் பாடியது சைவப் பாடல் தொகுப்பான பன்னிரு திருமுறைகளில் ஒன்பதாவதில் இருக்கிறது. இந்தக் கணக்கு முதல் ஏழு திருமுறையான தேவாரத்துக்கு மட்டும்.

அப்படியானால் மாணிக்கவாசகர் பாடிய ஆவுடையார்கோயில் மட்டம்தானா?

மட்டம் என்று யார் சொன்னது? ஆவுடையார்கோயில் என்கிற திருப்பெருந்துறையை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும். கணக்கு என்பது தேவாரப் பதிகம் கிடைத்த ஊர்களை அடையாளம் வைக்க, அவ்வளவுதான். பாட்டுக்குள் பெயர் மட்டும் வந்து தனிப் பதிகம் இல்லாத ஊர்களும் நிறைய உண்டு, அவற்றை வைப்புத் தலம் என்பார்கள். ஆசை இருந்தால் அங்கேயும் போங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இதுதான் பதில்.

வேனில் நான்கு நாளில் நாற்பது கோயில் காட்டுகிறேன் என்கிறார்கள், போகலாமா?

வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று.

அக்கா, எனக்கு மூட்டு வலி. கேதாரம் போக முடியாமல் கணக்கு குறைந்துவிடுமோ என்று மனசு கிடந்து தவிக்கிறது.

தவிக்காதீர்கள் அம்மா. கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம், கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் ஏற்றம். எங்கள் டாக்டர் என் கணவருக்குக் கூடாது என்றே சொல்லிவிட்டார். ஞானசம்பந்தர் கேதாரத்தை எங்கே நின்று பாடினார் தெரியுமா? ஆந்திராவில் இருக்கும் காளத்தியில், அதாவது காளஹஸ்தியில். வடநாட்டுத் தலங்களை அங்கிருந்தே பாடியதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். நாங்களும் காளத்திக் கோயிலில் உட்கார்ந்து கேதாரப் பதிகம் படித்தோம், பார்த்த தலங்களைக் குறிக்கும் நோட்டில் அதற்கும் ஒரு தேதி போட்டார் இவர்.

படியுள்ள கோயில்களுக்கு முன்கூட்டியே விசாரித்துப் போங்கள். "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்" என்று குளித்தலைப் பக்கம் ஒரு வழக்கு உண்டு, மூன்றையும் ஒரே நாளில் கும்பிடுவது. அதில் மத்தியானச் சொக்கர் இருக்கும் ஐயர்மலை 1,017 படி. ரோப் கார் வந்திருக்கிறது, ஆனால் அன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உச்சி வெயிலில் ஏற வேண்டாம், மாத்திரைப் பையை அறையில் வைத்துவிட்டும் போக வேண்டாம்.

ரயிலில் கீழ் பெர்த் கிடைப்பதே இல்லை.

ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயதுக்கு மேல் கீழ் பெர்த் கோட்டா உண்டு. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான். பேரனை அதே டிக்கெட்டில் சேர்த்தால் போச்சு.

வெளியூரில் இருக்கும்போது பென்ஷன் நேர்காணல் வந்தால்?

ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ்வுச் சான்றில் போனிலேயே முகம் காட்டி முடிக்கலாம்.

கம்யூட்டேஷன் பணத்தை, அதாவது பென்ஷனில் ஒரு பகுதிக்கு மொத்தமாக வாங்கிய தொகையை, பையனுக்கு வீடு கட்டக் கொடுக்கலாமா?

அது உங்கள் குடும்பத்தில் பேச வேண்டியது. எனக்குத் தெரிந்தது கோயில் மட்டும்தான்.

எத்தனை நாளில் முடிக்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்து எங்கே டீச்சர்?

ஈழத்துத் தலங்கள் இரண்டு, திருகோணமலையும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரமும். சம்பந்தர் அவற்றை இராமேசுவரத்திலிருந்து பாடினார். எங்களுக்குக் கடல் தாண்டவே ஆசை, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. இந்தத் தடவை புத்தகத்தைப் பார்க்காமல் பாடப் போகிறேன் என்று இவர் தினமும் விடியற்காலையில் மொட்டை மாடியில் கேதீச்சரப் பதிகம் உருப்போடுகிறார். இன்று ஏழாவது பாட்டு.