திரும்பப் பெறும் பேட்ச்: கணினியில் 14, கையில் 11

திரும்பப் பெறச் சொன்ன மருந்தின் பேட்சில் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) கணினி 14 மாத்திரை அட்டை காட்டுகிறது, கடை அலமாரியில் 11தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திருட்டு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பில் போடும் அவசரத்தில் திரையில் முதலில் வரும் பேட்சையே தட்டிவிடுவது வழக்கம்தான். அதே மருந்தின் மற்ற பேட்சுகளையும் எண்ணுங்கள். அங்கே கணினிக் கணக்கைவிட மூன்று கூடுதலாக இருந்தால் குட்டு உடைந்துவிடும்: இந்தப் பேட்ச் அட்டை மூன்று வேறு பேட்ச் பெயரில் விற்றுப்போயிருக்கிறது. அப்போது, இந்தப் பேட்ச் வந்த நாள் முதல் அம்மருந்தை வாங்கிய எல்லோரையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

வெட்டிய அட்டைகள்தான் பெரிய தலைவலி. பேட்ச் எண் அச்சான ஓரம் வாடிக்கையாளரோடு போயிருந்தால், மிஞ்சிய நான்கு மாத்திரைக்கு முகவரியே இல்லை. யோசிக்காமல் அதையும் ஒதுக்குங்கள்.

பெட்டியில் சதுரக் குறியீட்டின் அருகே (10) என்றிருந்தால் அடுத்து வருவது பேட்ச் எண். (17)க்கு அடுத்தது காலாவதித் தேதி. அதில் நாள் 00 என்றிருந்தால் பிழையல்ல, அந்த மாதக் கடைசி என்று பொருள்.

ஒதுக்கியதை ‘விற்பனைக்கு அல்ல’ என்றெழுதித் தனியாக வையுங்கள்; காலாவதிச் சரக்கோடு சேர்க்க வேண்டாம். திருப்பி அனுப்பும் சீட்டில் கையில் உள்ள 11ஐ மட்டும் எழுதி, மூன்று குறைவதற்கான காரணத்தையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.