காப்பகத்தில் இருக்கும் அண்ணன் உடம்பில் காயம்; கேட்டால் "கூட்டிட்டுப் போயிடுங்க" என்கிறார்கள். என்ன செய்வது?

அறிவுசார் குறைபாடு உள்ள அண்ணன், மாதாமாதம் பணம் கட்டும் தனியார் காப்பகம், மணிக்கட்டில் தடம், போன மாதத்தைவிட மெலிந்த உடம்பு, நிர்வாகியின் மிரட்டல். கேள்வியில் இவ்வளவுதான் இருக்கிறது. நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், அவருக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"கூடப்பிறந்தவனை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதா?" என்று கீழே கமெண்ட் போட வருகிறவர்கள், ராத்திரி முழுக்கத் தூங்காத ஓர் ஆளை ஒரு வாரம் பார்த்துக்கொண்டுவிட்டு வரட்டும். காப்பகம் நடத்துகிறவர்களும் கோபப்பட வேண்டாம். எல்லாக் காப்பகமும் அடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிற இடத்தில் பதிவேட்டைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிர்வாகியோடு வாக்குவாதத்தை இன்றோடு நிறுத்துங்கள். அவர் கையில் இருக்கும் ஒரே துருப்பு "கூட்டிட்டுப் போ" என்பதுதான். நீங்கள் கத்தினால் அதை உடனே எடுப்பார். அதற்கு முன்னால் உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

முதல் காகிதம் அரசு மருத்துவமனையில் கிடைக்கும். பல் பார்க்க, காய்ச்சலுக்கு என்று எதைச் சொல்லியாவது அண்ணனை வெளியே அழைத்துப் போங்கள். சட்டையைக் கழற்றிப் பாருங்கள். தானாக விழுந்தவருக்கு முழங்கால், முழங்கை, நெற்றி, தாடை மாதிரி எலும்பு துருத்தும் இடங்களில் அடிபடும். மேல்கையின் உள்பக்கம், காதின் பின்புறம், தொடை உள்பக்கம், உள்ளங்கால் இங்கெல்லாம் கன்றியிருந்தால் "விழுந்துட்டாரு" என்பதை நம்பாதீர்கள். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ வளையம் போலச் சுற்றித் தடம் இருந்தால் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். முதுகின் அடியிலும் குதிகாலிலும் புண் இருந்தால் திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லை என்று பொருள்.

படம் எடுக்கும்போது முகம் தெரிய ஒன்று, காயத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. கன்றிய இடம் நிறம் மாறும், அதனால் மறுநாளும் மூன்றாம் நாளும் எடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த தேதி, நேர விவரம் போய்விடும். போனில் இருக்கும் அசலை அழிக்காதீர்கள்.

டாக்டரிடம் சும்மா "காயம் சார்" என்றால் கீழே விழுந்ததாக எழுதிவிடுவார்கள். எந்த இடத்தில், யாரால், எப்போது நடந்ததாகச் சந்தேகம் என்பதைச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இதை ஏ.ஆர். என்பார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். போலீசுக்கு மருத்துவமனையே தகவல் அனுப்பும். எடையையும் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு என்ன நடந்தாலும் இந்த ஒரு பக்கம் நிற்கும்.

அண்ணன் முன்பைவிட அதிகமாகத் தூங்குகிறாரா, எச்சில் வடிகிறதா, கை நடுங்குகிறதா? ஆள் பற்றாக்குறையைத் தூக்க மாத்திரையால் சரிக்கட்டுகிற இடங்கள் உண்டு. டாக்டர் சீட்டையும் கொடுக்கிற மாத்திரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பயந்துபோய் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம்.

அவரிடம் தனியாகப் பேசுங்கள். "வார்டன் அடிச்சாரா?" என்று கேட்டால் ஆமாம் என்பார், "அடிக்கலைதானே?" என்றாலும் ஆமாம் என்பார். "இது எப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையைத் திருத்தாமல், தேதி போட்டு எழுதி வையுங்கள். வீட்டில் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பின்னால் போலீஸ் விசாரிக்கும்போது சொல்லிக்கொடுத்த பேச்சு என்பார்கள்.

அடுத்து, அந்த இடத்துக்குப் பதிவு இருக்கிறதா? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பிரிவு 50 படி பதிவில்லாமல் காப்பகம் நடத்தவே கூடாது. சான்றிதழை எல்லாரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் செல்லுபடியாகும் தேதியையும் முகவரியையும் பாருங்கள். ஒரு கிளைக்கு வாங்கியதை இன்னொரு கிளையில் மாட்டி வைப்பது பழைய வித்தை. டிரஸ்ட் பதிவு அமைப்பைத் தொடங்கியதற்கான காகிதம், 12ஏ, 80ஜி வருமான வரி சம்பந்தப்பட்டவை. எதுவும் காப்பகம் நடத்த அனுமதி அல்ல. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களையும் வைத்திருந்தால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு தனியாக வேண்டும்.

நேரில் கேட்டுக் காட்டவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள். பதிவுச் சான்றிதழ் நகலையும், கடைசியாக ஆய்வு செய்த அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று காரணத்தோடு குறிப்பிட்டால் 48 மணி நேரம்.

இப்போது புகார். பலரும் செய்வது, முதல்வர் தனிப்பிரிவு முதல் மனித உரிமை ஆணையம் வரை ஒரே மனுவைப் பத்து இடத்துக்கு அனுப்புவது. பத்து இடமும் அதைக் கடைசியில் ஒரே மாவட்ட அலுவலருக்குத் தள்ளிவிடும். சட்டம் நேராக ஓர் ஆளைச் சொல்கிறது, அவரிடம் யாரும் போவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பிரிவு 7 சொல்லும் அந்த ஆள், அந்த எல்லைக்குரிய நிர்வாக நடுவர். நடைமுறையில் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் (வண்டிக்கு லைசென்ஸ் தருகிற ஆர்.டி.ஓ. அல்ல). துன்புறுத்தல் நடக்கிறது அல்லது நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் அவரிடம் தகவல் தரலாம். ரத்த உறவாகவோ சட்டப்படியான காப்பாளராகவோ (கார்டியன்) இருக்க வேண்டியதில்லை. தகவல் வந்தால் தடுக்க உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டியது அவர் கடமை. மீட்கச் சொல்லியும், சம்பந்தப்பட்டவர் விரும்பினால் பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்லியும், பராமரிப்புத் தொகைக்கும் அவர் உத்தரவு போடலாம். "கூட்டிட்டுப் போ" என்ற மிரட்டலுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அண்ணனுக்கு வேறு இடம் என்பதை உங்கள் தலைவலியாக மட்டும் விடாமல், மனுவிலேயே "மாற்று இல்லத்தில் சேர்க்க உத்தரவிட வேண்டும்" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

மனு ஒன்றரைப் பக்கம் தாண்டக் கூடாது. மேலே "மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 7(2)ன் கீழ்" என்று போடுங்கள், இல்லையென்றால் பட்டா மனுக்களோடு சேர்ந்துவிடும். அண்ணன் பெயர், மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) எண், காப்பக முகவரி, பார்த்த காயம் தேதிவாரியாக, ஏ.ஆர். நகல், படங்கள், கேட்கும் உத்தரவு. "கொடூரர்கள்", "பணப்பேய்கள்" எல்லாம் வேண்டாம். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மறுக்கிறார்கள் என்றால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். ஒரு பிரதி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு, இன்னொன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில்.

போலீசுக்குப் போவது இதற்கு மாற்று அல்ல, இரண்டும் நடக்கலாம். அதே சட்டத்தின் பிரிவு 92ஐப் புகாரிலேயே எழுதுங்கள். தன் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிந்தே சோறு தண்ணீர் தராமல் இருப்பதும், கை கால், புலன் அல்லது உதவிக் கருவியைச் சேதப்படுத்துவதும், பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதில் குற்றம். "ஓடிடுவாரு" என்று சக்கர நாற்காலியை அறையில் வைத்துப் பூட்டுவதும் இதில் வரும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை, அபராதத்தோடு. எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பினால் புகாரை எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணைக்கு அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் மறுக்கலாம், அவர் இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

"கட்டிப்போடறது அவங்க பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்பவர்களுக்கு: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்ததற்குக் காரணம் அவர்கள் சங்கிலியில் கிடந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பிரிவு 95 சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆனால் அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ளவர் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரமாட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். உங்கள் அண்ணன் விஷயத்தில் உரிமைகள் சட்டம் பிரிவு 6, பிரிவு 92, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் ஆகியவற்றின் மேல் நில்லுங்கள்.

"நீங்க யாரு கேட்க?" என்று வந்தால் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். நீங்கள் விண்ணப்பியுங்கள். சில காப்பகங்கள் சேர்க்கும்போதே தாங்களே காப்பாளராகக் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன, சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். அந்தச் சட்டப்படி காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு தர வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் விட்டாலோ பிரிவு 17ல் நீக்கக் கேட்கலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காப்பகத்துக்குப் பிறந்தநாள் சாப்பாடு போடப் போகிற புண்ணியவான்களே, அங்கிருப்பவர்கள் வாயில் கேக் ஊட்டிப் படமெடுத்துப் போடுவதை நிறுத்துங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் அதைப் போடலாமா என்று யோசித்தீர்களா? அந்தப் படத்தைக் காட்டித்தான் மோசமான இடமும் நன்கொடை வாங்குகிறது. அடுத்த முறை போனால் கழிவறையையும் ராத்திரி டியூட்டி ஆள் எத்தனை பேர் என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, அண்ணனை வெளியே எடுக்கும் நாளில் துணிப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அடையாள அட்டை அசல், ஆதார், மாத்திரைச் சீட்டுகள், ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் அவர் கணக்கில் வந்துகொண்டிருந்தால் அன்றே பேங்கில் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். எந்தத் தேதியில், எந்த ஏ.டி.எம்.மில் எடுத்திருக்கிறார்கள் என்று பேங்கில் விவரம் கேட்கலாம். நீங்கள் மாதக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தப் பணமும் எடுக்கப்பட்டிருந்தால், அது தனிப் புகார்.