பருவநிலை மாற்றத்தால் ஒரு நாட்டில் வறட்சி எப்படிக் கூடும்?

வறட்சி என்றால் மழையே இல்லாத நிலை அல்ல. ஓரிடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் நீர் நீண்ட காலத்துக்குக் குறைந்துபோவதுதான் வறட்சி. பாலைவனம் எப்போதும் காய்ந்தே கிடக்கிறது, அது அங்கே இயல்பு.

சரி, வெப்பம் ஏறினால் என்ன ஆகிறது? காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீரை மண், ஏரி, இலை என்று எல்லாவற்றிலிருந்தும் இழுக்கிறது. சம்பளம் அப்படியே இருக்க, செலவு மட்டும் ஏறினால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் அல்லவா? மழை வரவு, ஆவியாதல் செலவு.

அப்புறம், பெய்யும் மழையும் மொத்தமாகக் கொட்டுகிறது. இறுகிய மண்ணில் இறங்குவதற்குள் ஓடிவிடுகிறது. பனிமலையில் பிறக்கும் ஆறுகளின் பாடு தனி: பனி முன்கூட்டியே உருகிவிட்டால் கோடையில் நீர்வரத்து குறையும்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்காது. மத்தியதரைக் கடலோரம் மழை குறையும், வட ஐரோப்பாவில் கூடும் என்பது கணிப்பு. பெரிய நாடு என்றால் அதற்குள்ளேயே இப்படி வேறுபடலாம்.

ஆண்டு மழையளவு கூடினால் வறட்சி வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும், ஒரே வாரத்தில் கொட்டிக் கடலுக்குப் போன மழையும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது.