அப்டேட் போட்டாச்சு, ரீபூட் பண்ணோணுமுங்களா? – லினக்ஸ் கேள்வி பதில்

திருப்பூர்: பனியன் கம்பெனி பில்லிங் சர்வர் உபுண்டுவில் ஓடுதுங்ணா. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ரீபூட் பண்ணோணுமா? ஷிப்மென்ட் நேரத்தில் நிறுத்தினால் முதலாளி சத்தம் போடுறார்.

வேண்டியதில்லைங்க. லைப்ரரியை, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோடை, அப்டேட் செய்ததும் டிஸ்க்கில் புதியது வந்துவிடும். ஏற்கெனவே ஓடுகிற புரோகிராம் மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்தால் சரி. இதை விட்டுவிடவும் கூடாது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது, அப்டேட் போட்டுவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதவர்களுக்கு ஓட்டை அப்படியேதான் இருந்தது. எந்தெந்த சர்வீஸ் பழையதில் ஓடுகிறது என்பதை 'நீட்ரீஸ்டார்ட்' (needrestart) என்ற கருவி காட்டும்; உபுண்டு சர்வர் 22.04-இல் அது கூடவே வருகிறது.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வேறு கதை. ரீபூட் ஆகும்வரை பழைய கர்னல்தான் ஓடும். ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை லைப்ரரியை ஏறக்குறைய எல்லா புரோகிராமும் பயன்படுத்துவதால், அதற்கும் ரீபூட்டே சுலபம். /var/run ஃபோல்டருக்குள் 'ரீபூட்-ரிக்வயர்ட்' (reboot-required) என்ற ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்த பேக்கேஜால் வந்தது என்பது பக்கத்தில் '.pkgs' என்று முடியும் ஃபைலில் இருக்கும். அதைப் படித்துவிட்டு நாள் குறியுங்கள். வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாகவே நுழையக்கூடிய ஓட்டை என்றால் இன்றைக்கு ராத்திரியே. மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கும்.

ஈரோடு: மஞ்சள் மண்டியில் ஃபெடோரா லினக்ஸுங்க. அந்த ஃபைலைக் காணோமே?

அது டெபியன், உபுண்டு வழக்கம். உங்களுக்கு 'dnf needs-restarting -r' என்ற கமாண்ட்; ரீபூட் வேண்டுமா என்று அது சொல்லும்.

கோவை, கல்லூரி மாணவர்: ஆர்ச் லினக்ஸில் அப்டேட் போட்ட பிறகு பென்டிரைவ் மவுன்ட் ஆகலைங்ணா. பென்டிரைவ் போயிருச்சா?

பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கும். கர்னலை அப்டேட் செய்தால் ஆர்ச் பழைய மாட்யூல்களை, அதாவது கர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகளை, அழித்துவிடும். ஓடுவதோ பழைய கர்னல். பென்டிரைவுக்கான மாட்யூலைத் தேடினால் அதற்குக் கிடைக்காது. ரீபூட் செய்யுங்கள் தம்பி.

பொள்ளாச்சி: ரீபூட் இல்லாமலே ஓடுகிற கர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் போட்டிருக்கிறேன். இனி ரீபூட்டே வேண்டாம்தானே?

அப்படி இல்லைங்க. அது கர்னலின் முக்கியமான பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைக்கும். ஜிலிப்சியைத் தொடாது. இரண்டு வருஷமாக நிற்காமல் ஓடுகிறது என்று சொல்கிற சர்வரைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். ஒருநாள் கரண்ட் போய் எழாமல் கிடந்தால், இத்தனை நாள் செய்த மாற்றங்களில் எது காரணம் என்று எங்கே தேடுவது? பராமரிப்புக்காக மின்தடை என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்களே, அன்றைக்கு யூபிஎஸ் தீரும் முன்பு நீங்களே முறையாக நிறுத்துங்கள். கரண்ட் வந்ததும் ஆன் செய்தால் புதுக் கர்னலில் எழும். நீங்களும் பக்கத்திலேயே இருப்பீர்கள்.

கரூர்: ஃபயர்பாக்ஸ் அப்டேட்டுக்குங்க?

மூடித் திறங்கள், போதும்.