வீட்டுக் கதவில் நசுங்கிய விரல்: தொழிற்கூட விபத்து கேள்வி-பதில்

ஓசூரில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். போன மாதம் அதன் டையில் (அச்சில்) மாட்டி ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், 'வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றார் சூப்பர்வைசர். அப்படியே சொல்லிவிட்டேன். இப்போது போனை எடுப்பதில்லை.

வாராவாரம் கேட்கிற கதை. சிலருக்குக் கதவு, சிலருக்கு பைக், ஒருவருக்குக் கிணற்று மோட்டார். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) ஏறிவிட்ட அந்த ஒரு வரியோடுதான் இனி மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் அதுவே முடிவல்ல. அன்றைய வருகைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். காலை ஆறு மணிக்கு பஞ்ச் வைத்தவர் எட்டரைக்கு வீட்டுக் கதவில் எப்படி விரலை நசுக்கிக்கொள்வார்? தேதி, ஷிப்ட், மெஷின் நம்பர், பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாம் போட்டு நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். நகல் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிளை அலுவலகத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் போகட்டும்.

சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்தம் இருந்தால் நீங்கள் இஎஸ்ஐயில் இருக்கிறீர்கள். வேலை விபத்து என்றால் சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கே கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். பிறகு மருத்துவக் குழு பார்த்து, ஊனம் நிரந்தரம் என்றால் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும். அந்த அளவில் மாதாமாதம் ஆயுளுக்கும் பணம். முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது, அதை அவரிடம் வசூலிப்பது இஎஸ்ஐயின் வேலை.

மெஷினின் பாதுகாப்பு சென்சாரை வேலை செய்யாதபடி பைபாஸ் பண்ணி ஓட்டியது என் தப்பாம். பணம் கிடைக்காதா?

பைபாஸ் சாவி யார் மேஜையில் இருக்கிறது? அதைச் சொன்னாலே பாதி வழக்கு முடிந்தது. வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றியவருக்கு இழப்பீட்டை மறுக்க சட்டத்தில் வழி உண்டு. ஆனால் டார்கெட்டுக்காக மேலே இருந்தவர் கழற்றச் சொன்னால் அது உங்கள் விருப்பமல்ல. உயிர் போனாலோ நிரந்தர முழு ஊனம் ஆனாலோ அந்த வாதமே எடுபடாது.

கிருஷ்ணகிரியில் ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை, இஎஸ்ஐ கிடையாது. 2025 ஜூனில் இரண்டு விரல் போயிற்று. வயது 30, சம்பளம் 15,000. ஐம்பதாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இஎஸ்ஐ இல்லாததால், 2025 ஜூன் விபத்துக்கு 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியே பணம் தர வேண்டும். கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அந்தச் சட்டத்தில் 30 வயதுக்கான காரணி (பெருக்க வேண்டிய எண்) 207.98. பெருக்கினால் 18,71,820. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணையில் 20 சதவீதம். ஆக 3,74,364 ரூபாய். வைத்தியச் செலவு இதற்கு மேல். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் 1923 சட்டப்படி செல்லாது. வாங்கிய ஐம்பதாயிரத்தை மறைக்காமல் மனுவில் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே போடலாம்.

அரூர் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும் மெஷினில் என் மனைவியின் கை மாட்டிக்கொண்டது. கூலி வேலைக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். டிராக்டர், கரண்ட், இன்ஜின் எதில் ஓடினாலும் விவசாய வேலையும் இழப்பீட்டுச் சட்டத்தில் அடங்கும். கூலி கொடுத்ததற்குச் சாட்சி சொல்ல, கூட வேலை செய்த இரண்டு பெண்களை இப்போதே பேசி வையுங்கள்.

துண்டான விரலை ஐஸில் போட்டு எடுத்துப்போனோம், ஒட்ட முடியாது என்றுவிட்டார்கள். ஏன்?

ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை விறைத்துச் செத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஓடுவதற்கு முன், விரல் ஒட்டும் டாக்டர் அங்கே டியூட்டியில் இருக்கிறாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.