பயாப்சியில் (துளி திசு எடுத்துச் செய்யும் சோதனையில்) சிறுநீரகம் இயல்பாகத் தெரிந்தும் சிறுநீரில் புரதம் ஏன் போகிறது?

சிறுநீரில் புரதம் அதிகமாக வெளியேறி உடல் வீங்கும் நிலைதான் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். குழந்தைகளுக்கு வரும் இந்த சிண்ட்ரோமில் பெரும்பாலும் இருப்பது 'மினிமல் சேஞ்ச்' நோய். சாதாரண நுண்ணோக்கியில் திசு கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். அதனால்தான் இந்தக் குழப்பம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டி முடிச்சுகள் உள்ளன. அவற்றின் ரத்த நுண்குழாய்களைச் சுற்றி, விரல்களைக் கோத்தது போல நுண்கால்கள் நீட்டிய செல்கள் இருக்கும். நோய் எதிர்ப்பு அமைப்பின் கோளாறால் இந்தக் கால்கள் தட்டையாகிவிடுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமே இது தெரியும். டீ வடிகட்டியின் வலை நெகிழ்ந்தால் தூளும் டம்ளரில் விழுவதுபோல, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சிறுநீர் நுரைக்கிறது, உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. காலையில் எழும்போது கண் இமைகள் வீங்கியிருக்கும். பல வீடுகளில் இதை ஒவ்வாமை என்று நினைத்து நாள் கடத்திவிடுகிறார்கள். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.

1 வயதுக்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பயாப்சி செய்யாமலே ஸ்டீராய்டு தொடங்குவார்கள். பெரும்பாலானவர்களுக்கு 4 வாரங்களுக்குள் புரதக் கசிவு நிற்கும். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரலாம். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

புரதம் போனாலே சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, இனி டயாலிசிஸ்தான் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குழந்தைகளில் சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழப்பது மிக அரிது.